ஊசிக்கு முன் பால், ஊசிக்குப் பின் பால்

எலிக்கு இனிப்புப் பால் வைத்தால் கிண்ணம் காலியாகும்வரை குடிக்கும். அதே எலிக்கு முன்னதாக ஆம்ஃபெட்டமின் ஊசி போட்டிருந்தால் பாலைச் சீந்தாது. ஊக்கப் போதைப்பொருள்கள் பசியை அடக்குபவை. ஆனால் தினமும் இப்படியே ஊசியும் பாலும் தொடர்ந்தால், நாளாக நாளாக எலி பழையபடி குடிக்கத் தொடங்கிவிடும். மருந்தின் அளவு மாறவில்லை, அதன் பிடி தளர்ந்துவிட்டது. மருந்தியலில் இதற்குத் தாங்குதிறன் என்று பெயர். 1971இல் கார்ல்டன், வொல்ஜின் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தச் சோதனையில் இன்னொரு எலிக்குழுவைச் சேர்த்துக்கொண்டார்கள். இவற்றுக்கும் அதே மருந்து, அதே அளவு. ஒரே வேறுபாடு, ஊசி பால் குடித்து முடித்த பிறகு போடப்பட்டது. கடைசியில் ஒருநாள் இந்தக் குழுவுக்கும் ஊசியைப் பாலுக்கு முன்னே மாற்றிப் போட்டார்கள். அந்த மருந்தை முதன்முதலாகச் சந்திக்கும் எலிகளைப் போல அவை பாலைத் தொடாமல் இருந்தன. இரண்டு குழுக்களின் மூளைக்குள்ளும் போன மருந்து ஒன்றே. அங்கிருக்கும் ஏற்பிகள் தாங்கிய வெள்ளமும் ஒன்றே. ஒரு குழுவுக்குத் தாங்குதிறன் வந்தது, மற்றதற்கு வரவில்லை.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டாவது குழுவைச் சுற்றியே நடக்கப்போகிறது. ஏனென்றால் போதைப்பொருளைப் பற்றிப் பேசும்போது நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் படத்தை அந்த எலிகள் கலைத்துவிடுகின்றன. அந்தப் படம் இது: மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன, போதைப்பொருள் டோபமினைக் கொட்டுகிறது, ஏற்பிகள் தேய்ந்து குறைகின்றன, அதனால் நேற்றைய அளவு இன்று போதவில்லை, நிறுத்தினால் ஏற்பிகள் மறுபடி முளைத்துவிடும். சிங்கப்பூரில் இந்தப் படம் வெறும் அறிவியல் ஆர்வத்துக்கு உரியது அல்ல. மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அமைக்கப்பட்டதும் அதே 1971இல்தான். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஹெராயின்தான் இங்கே பெரிய கவலை. 2010களின் நடுப்பகுதியில் ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்ஃபெட்டமின் ஹெராயினை முந்திவிட்டது. ஹெராயின் அபின் வகை, மெத்தம்ஃபெட்டமின் ஊக்க வகை. இரண்டும் மூளையில் பிடிக்கும் இடம் வேறு, விடும் விதம் வேறு. ஆகவே ஊக்கிகளுக்கு மூளை எப்படிப் பழகிப்போகிறது என்பது தேக்காவிலிருந்து உட்லண்ட்ஸ்வரை பல குடும்பங்கள் விடை தேடும் கேள்வியாகிவிட்டது. ஏற்பிகள் இந்தக் கதையின் முக்கியமான பாத்திரங்கள்தாம், ஐயமில்லை. ஆனால் அவற்றின் எண்ணிக்கை குறைவதே தாங்குதிறன் என்று சொல்வது பிழை என்பது என் வாதம். தாங்குதிறனில் ஒரு பெரும் பங்கு மூளை கற்றுக்கொண்ட பாடம். ஏற்பிகள் அந்தப் பாடத்தை எழுதும் கருவிகள்.

டோபமினின் மதிப்பை உலகம் உணர்ந்ததில் ஒரு இந்தியச் செடிக்குப் பங்கு உண்டு. சர்ப்பகந்தி வேரை நம் வைத்தியர்கள் மனக்கொந்தளிப்புக்கும் தூக்கமின்மைக்கும் நெடுங்காலம் கொடுத்துவந்தார்கள். 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. சுவீடனின் அர்விட் கார்ல்சன் 1957இல் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை காது தொங்க, அசைவற்றுக் கிடந்தன. டோபமினாக மாறக்கூடிய எல்-டோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. அதுவரை வேறொரு வேதிப்பொருளை உண்டாக்கும் வழியில் ஒரு இடைப்படி என்று மட்டுமே கருதப்பட்ட டோபமின் தானே ஒரு தூதுப்பொருள் என்பது அப்படித்தான் நிலைநாட்டப்பட்டது. 2000இல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு வந்தது. டோபமினை வாங்கும் ஏற்பிகளை 1970களின் நடுவில் டொராண்டோவில் பிலிப் சீமனின் குழு அடையாளம் கண்டது. 1979இல் கெபாபியனும் கால்னும் அவற்றை டி1, டி2 என்று இரு வகையாகப் பிரித்தார்கள். 1988க்கும் 1991க்கும் இடையே மரபணுக்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட, ஏற்பிகள் மொத்தம் ஐந்து என்று தெரிந்தது. ஐந்தும் இரண்டு குடும்பங்களுக்குள் அடங்கும். டி1 குடும்பம் உயிரணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்திமூலக்கூற்றைக் கூட்டுகிறது, டி2 குடும்பம் குறைக்கிறது. டி2இன் ஒரு பகுதி டோபமினை வெளியிடும் நரம்பணுவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே அது தடையாக வேலை செய்கிறது: டோபமின் மிகுந்தால் ‘போதும், நிறுத்து’ என்று தன் சொந்த நரம்பணுவுக்கே சொல்லும்.

கோக்கெய்னும் மெத்தம்ஃபெட்டமினும் ஏற்பிகளை நேரடியாகத் தொடுவதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. வெளியான டோபமினைத் திரும்ப உள்ளே இழுக்கும் ஒரு கடத்திப் புரதம் உண்டு. கோக்கெய்ன் அதன் வாயை அடைத்துவிடுகிறது. மெத்தம்ஃபெட்டமின் இன்னும் ஒரு படி போகும். அதே கடத்தி வழியாக நரம்பணுவுக்குள் நுழைந்து, சிறு பைகளில் சேமித்த டோபமினை வெளியே தள்ளி, கடத்தியைத் திருப்பி ஓடவைக்கிறது. உள்ளே இழுக்க வேண்டிய இறைப்பி வெளியே கொட்டுகிறது. இந்த வெள்ளத்தில் நனையும் ஏற்பிகள் சும்மா இருப்பதில்லை. உயிரணு அவற்றின் மேல் பாஸ்பேட் முத்திரை குத்துகிறது. அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டுகிறது. ஏற்பி உயிரணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகிறது. அதன் பிறகு இரு வகைகளும் பிரிந்து போகின்றன. 2005இல் வெளியான ஒரு ஆய்வின்படி, டி1 ஏற்பிகள் உள்ளே போய்ச் சற்று நேரத்தில் மீண்டும் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. டி2 ஏற்பிகளை காஸ்ப்-1 என்ற புரதம் பிடித்து, சிதைக்கும் கூடத்துக்கு அனுப்பிவிடுகிறது. போனது திரும்பாது, உயிரணு புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். ஆக, தேயும் ஏற்பி என்ற படம் ஆகாயத்திலிருந்து வந்தது இல்லை. டி2 விஷயத்தில் அதற்கு உறுதியான மூலக்கூறு அடிப்படை இருக்கிறது. அதை மறுக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. கேள்வி, அந்த அடிப்படையிலிருந்து தாங்குதிறன்வரை நேர்க்கோடு போட முடியுமா என்பது.

1996இல் மார்க் கரோனின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஒரு சுண்டெலி அந்த நேர்க்கோட்டை வளைத்துவிட்டது. அதன் மரபணுவில் டோபமின் கடத்தியையே நீக்கியிருந்தார்கள். வெளியான டோபமினை உள்ளே இழுக்க வழியில்லாததால், அது இயல்பைவிடக் குறைந்தது நூறு மடங்கு நேரம் வெளியிலேயே தங்கியது. பிறந்ததிலிருந்து ஊக்கி உட்கொண்ட நிலையில் வாழும் மூளை என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்பார்த்தபடியே டி1, டி2 ஏற்பிகளுக்கான மரபுச் செய்திகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. தேய்மானக் கொள்கை சரி என்றால் இந்தச் சுண்டெலிகள் மந்தமாக, அல்லது அதிகம் போனால் இயல்பாக இருந்திருக்க வேண்டும். அவையோ கூண்டுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஏற்பி பாதியாகியும் டோபமினின் ஆட்டம் அடங்கவில்லை. ஒரு உயிரணுவில் எத்தனை ஏற்பி இருக்கிறது என்பது ஒரு தகவல். அந்த ஏற்பி ஒவ்வொன்றும் எவ்வளவு இறுகப் பிடிக்கிறது, பிடித்ததும் உள்ளே எவ்வளவு சத்தம் எழுப்புகிறது, எந்த நரம்புத்தடத்தில் இருக்கிறது என்பவை வேறு தகவல்கள். வாசலில் எத்தனை மணி தொங்குகிறது என்று எண்ணிவிட்டு வீட்டுக்குள் யார் விழித்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

இதைவிடக் கூர்மையான சான்று ஒன்று உண்டு. ஊக்கிகள் தாங்குதிறனை மட்டும் உண்டாக்குவதில்லை, அதற்கு நேர் எதிரானதையும் உண்டாக்கும். அடுத்தடுத்த ஊசிகளில் எலியின் ஓட்டம் குறையாமல் கூடிக்கொண்டே போகும். இதைக் கூருணர்வு என்று சொல்வோம். 1992இல் டியூக் பல்கலைக்கழகத்தில் (நம் அவுட்ராமில் தேசியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மருத்துவக் கல்லூரி நடத்தும் அதே டியூக்) ஒரு சோதனை நடந்தது. இரு குழு எலிகளுக்கும் 14 நாள்கள், ஒரு நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 40 மில்லிகிராம் கோக்கெய்ன். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒருமுறை ஊசியாக. இன்னொன்றுக்குத் தோலுக்கடியில் பதித்த சிறு இறைப்பி வழியாக, இருபத்து நான்கு மணி நேரமும் சொட்டுச் சொட்டாக. ஒரு வாரம் மருந்தில்லாமல் விட்டு மறுபடி சோதித்தபோது, ஊசி எலிகளுக்குக் கோக்கெய்ன் முன்னைவிட வேகமாக ஏறியது. இறைப்பி எலிகளுக்கு அது உறைக்கவில்லை. மொத்த மருந்து கிராம் கணக்கில் ஒன்றே. வந்த விளைவோ எதிர்த் துருவங்கள். நம் சட்டம் போதைப்பொருளை எடையால் அளக்கிறது. 250 கிராமுக்கு மேல் மெத்தம்ஃபெட்டமின் கடத்தினால் மரண தண்டனை என்பது போல. சட்டத்துக்கு அந்த அளவுகோல் வேண்டியிருக்கலாம். மூளையோ எடையோடு நேரத்தையும் இடைவெளியையும் சேர்த்தே அளக்கிறது. இடைவெளி விட்டு வரும் வெள்ளத்துக்கு அது தன்னைக் கூர்மையாக்கிக்கொள்கிறது, ஓயாத வெள்ளத்துக்கு மழுங்கிக்கொள்கிறது. சீமனின் குழு 2000களில் கூருணர்வு அடைந்த எலிகளின் மூளையை எடுத்து ஆராய்ந்தபோது, டி2 ஏற்பிகளின் மொத்த எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் டோபமினை இறுகப் பற்றும் நிலையில் இருந்த டி2களின் பங்கு பெரிதும் உயர்ந்திருந்தது. எண்ணிக்கை மாறாமல் பிடிப்பு மட்டும் மாற முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

சட்டத்துக்கு உட்பட்ட ஊக்கி ஒன்றையும் பார்ப்போம். தேக்கா நிலையத்தின் கோப்பிக்கடைகளில் தினமும் காலையில் ‘கோப்பி ஓ காவ்’ என்று கெட்டிக் கோப்பிக்குச் சொல்பவர்கள் எத்தனையோ பேர். முதலில் சாதாரணக் கோப்பி, பிறகு ஒன்று இரண்டாகி, பிறகு ‘காவ்’ என்று ஏறியதும் தாங்குதிறன்தான். கஃபீன் அடினோசின் ஏற்பிகளை அடைக்கிறது. அவற்றில் ஏ2ஏ என்ற வகை, மூளையின் ஆழத்தில் உள்ள வரியுடலத்தில் டி2 ஏற்பியோடு ஒட்டி அமர்ந்து அதன் வேலையை அமுக்கிவைக்கும். ஏ2ஏவை அடைத்தால் டி2 விடுபடும், உடல் சுறுசுறுப்படையும். ஏ2ஏ மரபணு நீக்கிய சுண்டெலிகளுக்கு 1997இல் கஃபீன் கொடுத்தபோது அது ஊக்கவில்லை, மாறாகச் சோர வைத்தது. கஃபீன் கலந்த நீரையே நாள்கணக்கில் குடித்த எலிகளிடம், எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தும் ஓட்டத்தைத் தூண்ட முடியவில்லை என்று ஹோல்ட்ஸ்மன் 1983இல் காட்டினார். அளவைக் கூட்டியும் தாண்ட முடியாத முழுத் தாங்குதிறன் அது. ஆனால் டோபமின் ஏற்பிகள் கரைந்துபோனதால் வந்ததென்று அதை விளக்க வழியில்லை. 2015இல் மனிதர்களின் மூளையைப் படம்பிடித்த ஒரு ஆய்வில், 300 மில்லிகிராம் கஃபீன் உட்கொண்ட பிறகு வரியுடலத்தில் டி2 வகை ஏற்பிகள் கூடுதலாகவே தென்பட்டன. ஒரே டி2 ஏற்பி சம்பந்தப்பட்ட இரு பொருள்களில் மெத்தம்ஃபெட்டமின் அதைக் குறைத்துக்காட்டுகிறது, கஃபீன் கூட்டிக்காட்டுகிறது. இரண்டுக்கும் மூளை பழகிப்போகிறது.

இனி குரங்குகளுக்கு வருவோம். இந்த வாதத்தின் கனமான சான்று அங்கேதான் இருக்கிறது. புக்கித் தீமா காட்டோரத்திலும் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்திலும் நாம் பார்க்கும் நீண்டவால் குரங்கின் இனம்தான் உலகின் பல ஆய்வுக்கூடங்களில் பயன்படுவது. கூட்டமாக வாழும், கூட்டத்துக்குள் யார் மேல் யார் கீழ் என்பதைச் சண்டையாலும் பார்வையாலும் நிலைநாட்டிக்கொள்ளும் விலங்கு. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் நேடரின் குழு 20 ஆண் குரங்குகளை முதலில் ஒன்றரை ஆண்டு தனித்தனிக் கூண்டுகளில் வைத்து, அவற்றின் டி2 ஏற்பிகளை, மூளையைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேனில் அளந்தது. அப்போது அவற்றுக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிறகு நான்கு நான்காகச் சேர்த்துக் குழுக்கள் ஆக்கினார்கள். மூன்று மாதத்தில் ஒவ்வொரு குழுவிலும் ஒரு தலைமைக் குரங்கு உருவானது. மறுபடி அளந்தபோது, தலைமைக்கு வந்த குரங்குகளின் டி2 அளவு 20 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தது. அடங்கி நின்றவற்றில் மாற்றமில்லை. பிறகு எல்லாவற்றுக்கும், நெம்புகோலை அழுத்தினால் கோக்கெய்ன் கிடைக்கும்படி வைத்தார்கள். அடங்கியவை விரும்பி அழுத்தின. தலைமைக் குரங்குகளுக்கு அது வெறும் உப்புநீரைவிடப் பெரிதாகத் தெரியவில்லை. 2002இல் வெளியான இந்த ஆய்வில் என்னை நிறுத்திவைப்பது ஒரு விஷயம்: போதைப்பொருளின் ஒரு துளியும் உள்ளே போகும் முன்னரே, வெறும் வாழ்க்கைச் சூழல் ஏற்பியை மாற்றிவிட்டது. சில ஆண்டுகள் கோக்கெய்ன் தொடர்ந்த பிறகு தலைவனுக்கும் அடங்கியவனுக்கும் இருந்த அந்த வேறுபாடு மங்கிப்போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சூழல் கொடுத்த காப்பை மருந்து அரித்துவிட முடியும். இரண்டும் ஒரே ஏற்பியில்தான் கை வைக்கின்றன.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். மெத்தம்ஃபெட்டமின், கோக்கெய்ன் பழக்கம் உள்ள மனிதர்களை ஸ்கேன் செய்தால் டி2 குறைவாகத்தான் இருக்கிறது, நோரா வால்கோவின் ஆய்வுகள் 1990களிலிருந்து அதையே காட்டுகின்றன. பிறகு ஏன் இவ்வளவு சுற்றிவளைப்பு? சுற்றிவளைப்பதற்குக் காரணம், மனித ஸ்கேன் ஒரு நாளின் படம். குறைவு முன்பே இருந்ததா, மருந்தால் வந்ததா என்பதை அது சொல்லாது. முன்னும் பின்னும் அளக்க விலங்குகளில்தான் முடியும். கேம்பிரிட்ஜில் 2007இல் அளந்தார்கள். அவசரப்புத்தி உள்ள எலிகளுக்கு, எந்த மருந்தும் தீண்டாத நிலையிலேயே மூளையின் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதியில் டி2 வகை ஏற்பிகள் குறைவு. பின்னர் கோக்கெய்னை அதிகம் நாடியவையும் அவையே. நேடரின் குழு 2006இல் ரீசஸ் குரங்குகளில் இரண்டு பாதியையும் ஒருசேரக் காட்டியது. தொடக்கத்திலேயே டி2 குறைந்த குரங்குகள் அதிகம் உட்கொண்டன. உட்கொள்ளத் தொடங்கிய ஒரே வாரத்தில் எல்லாவற்றிலும் டி2 அளவு 15 முதல் 20 சதவீதம் சரிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, ஓராண்டு தொடர்ந்த பிறகும் அந்தச் சரிவு ஏறத்தாழ 20 சதவீதத்திலேயே நின்றது என்பது. தேய்மானம் என்றால் நாளுக்கு நாள் தேய வேண்டும். ஒரு வாரத்தில் இறங்கிய மட்டத்தில் ஓராண்டு நிற்பது, புதிய வெள்ளத்துக்கு ஏற்பத் தன் மட்டத்தை மாற்றிவைத்துக்கொண்ட ஒரு அமைப்பின் நடத்தை.

மீட்சியும் அப்படியே. ஒரு வாரம் மட்டும் உட்கொண்ட குரங்குகளுக்கு மூன்று வாரத்தில் டி2 பழைய நிலைக்கு வந்தது. ஓராண்டு உட்கொண்ட ஐந்தில் மூன்று, மூன்று மாதத்தில் மீண்டன. மற்ற இரண்டும் ஓராண்டு மருந்தில்லாமல் இருந்த பிறகும் மீளவில்லை. ‘டோபமின் விரதம்’ என்ற பெயரில் இணையத்தில் பரவும் அறிவுரைகள், இத்தனை நாள் தள்ளியிருந்தால் ஏற்பி வளர்ந்துவிடும் என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு நாள்கணக்குக் கொடுக்கின்றன. ஒரே இனம், ஒரே மருந்து, ஒரே கூடம், ஒரே காலம் என்று கட்டுப்படுத்திய விலங்குகளுக்குள்ளேயே மூன்று மாதத்திலிருந்து ஓராண்டைத் தாண்டிப் பரவும் ஒன்றுக்கு அப்படிப் பொதுக்கணக்கு போடுவது, குடும்பங்களுக்குப் பொய்யான நம்பிக்கையும் அதன் பின்னே பொய்யான பழியும் தரும். ‘மாதக்கணக்கில் விட்டிருந்தானே, ஏன் திரும்பப் போனான்’ என்ற கேள்வியில் இருக்கும் கசப்பில் பாதி இந்தத் தவறான கணக்கிலிருந்து வருவது.

இன்னும் இரண்டு மறுப்புகள் நுட்பமானவை. பெட் ஸ்கேனில் டி2ஐக் காட்டும் ராக்லோபிரைட் போன்ற பொருள்கள், ஏற்பியில் இடம்பிடிக்க டோபமினோடு போட்டியிடுகின்றன. டோபமின் மிகுந்திருந்தாலும் ஏற்பி குறைந்ததுபோலவே தெரியும். உண்மை. அதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் ஏற்பியின் ‘எண்ணிக்கை’ என்று எழுதாமல் ‘கிடைக்கும் அளவு’ என்று எழுதுகிறார்கள். இந்த எச்சரிக்கை தேய்மானக் கொள்கையைத்தான் மேலும் பலவீனப்படுத்துகிறது. அடுத்தது, எலி மனிதனாகாது என்ற பழைய மறுப்பு. பொதுவாகச் சொன்னால் அது வாதத்தை நிறுத்தும் ஒரு வாசகம். குறிப்பாகச் சொன்னால் பயனுள்ளது. மெத்தம்ஃபெட்டமின் எலியின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 70 நிமிடம் போதும். மனித உடலில் அதற்கு 10 முதல் 12 மணி நேரம் ஆகும். ஆகவே நாளுக்கு ஒரு ஊசி என்பது எலிக்கு நீண்ட இடைவெளி விட்ட அலை, மனிதனுக்கோ கிட்டத்தட்ட ஓயாத மழை. முன்பு பார்த்த ஊசிக்கும் இறைப்பிக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே நினைவில் கொண்டால், இது சிறிய குறையாகத் தெரியாது. இந்தச் சிக்கலை உணர்ந்தவர்கள் கணினி கட்டுப்படுத்தும் இறைப்பியால் எலியின் இரத்தத்தில் மனித வேகத்தில் மருந்து இறங்கும்படி செய்து, 2000களில் சோதனைகளைத் திருத்தி நடத்தினார்கள். விலங்குச் சோதனைக்கு அறநெறியும் ஒரு கணக்கு. சிங்கப்பூரில் 2004இல் வந்த விதிகளின்படி, ஆய்வு விலங்குகள் மீதான ஒவ்வொரு சோதனைத் திட்டமும் நிறுவனக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். அளவையே தவறாக வைத்து நடத்தும் சோதனை அந்த விலங்குக்கும் அநீதி.

பால் குடித்த எலிகளிடம் திரும்புவோம். பாலுக்கு முன் ஊசி பெற்றவை என்ன கற்றன? ஆம்ஃபெட்டமின் எலியைத் தலையை ஆட்டி ஆட்டி, முகர்ந்து முகர்ந்து அலைய வைக்கும். வொல்ஜின் பின்னாளில் செய்த ஆய்வுகள், பாலைக் குடிக்கவிடாமல் தடுத்ததில் பெரும்பங்கு இந்த ஓயாத அசைவுக்கே என்று காட்டின. மருந்தின் பிடியில் இருந்தபடியே பாலைக் குடிக்க முயன்ற எலிகள், அந்த அசைவை அடக்கிப் பாலில் வாய்வைக்கப் பழகின. பாலுக்குப் பின் ஊசி பெற்றவற்றுக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவே இல்லை. தாங்குதிறன் என்று நாம் அளந்தது ஒரு திறமையை. கற்ற திறமை கற்ற இடத்தோடு ஒட்டியிருக்கும். அபின் வகையில் இதற்கு உலுக்கும் சான்று உண்டு. 1982இல் ஷெப்பர்ட் சீகல், ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு வழக்கமான அறையில் பெரிய அளவு கொடுத்தபோது 32 சதவீதம் இறந்தன. அதே பழக்கமுள்ள எலிகளுக்கு அதே அளவை வேறு அறையில் கொடுத்தபோது 64 சதவீதம் இறந்தன. மருந்தே அறியாத எலிகளில் 96. ஊக்கிகளிலும் இடம் பேசுகிறது. ஓரிடத்தில் ஆம்ஃபெட்டமினுக்குக் கூருணர்வு பெற்ற எலிகள் அதை வேறிடத்தில் வெளிக்காட்டவில்லை என்று 1996இல் அனாக்னோஸ்டராஸும் ராபின்சனும் கண்டார்கள். பாடம் மூளையில் அப்படியே இருந்தது. இடம் அதைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுவாழ்வு நிலையத்திலிருந்து வெளியே வரும் ஒருவரை இந்தச் சான்றோடு வைத்துப் பார்க்கலாம். 2019இல் திருத்திய சட்டம் நிலையத்தில் தங்கும் உச்சவரம்பை மூன்றிலிருந்து நான்கு ஆண்டாகவும், வெளியே வந்த பிறகான மேற்பார்வையை இரண்டிலிருந்து ஐந்து ஆண்டாகவும் உயர்த்தியது. உள்ளே கழிந்த மாதங்களில் ஏற்பிகள் மீண்டிருக்கலாம். ஆனால் உள்ளே பழைய மின்தூக்கி இல்லை, பழைய கீழ்த்தளம் இல்லை, சம்பள நாள் மாலை இல்லை, அந்த நண்பரின் குரல் இல்லை. திறக்கப்படாத பாடம் அழிந்த பாடம் ஆகாது. திரும்பி வருவது அதே வீவக புளோக்குக்கு. அங்கே ஒவ்வொரு படியும் ஒரு சாவி. இடையில் சில மாதம் தங்கி, பகலில் வேலைக்குப் போய் இரவில் திரும்பும் மறுவாழ்வு இல்லங்கள், இந்து அறக்கட்டளை வாரியத்தின் ஆசிரமம் போன்றவை, விலங்குச் சோதனைகளின் சான்றின்படியும் பொருளுள்ளவை. அங்கே சாவிகள் ஒன்றொன்றாக, மருந்து இல்லாமல், திரும்பத் திரும்பத் தொடப்படுகின்றன. கற்றலுக்கு மாற்று இன்னொரு கற்றல்தான், அது பூட்டிய அறையில் நடக்காது.

கற்றது என்றால் விருப்பப்பட்டுச் செய்தது என்றல்லவா ஆகிறது, பழி மறுபடி அந்த மனிதர் மேலேயே விழுகிறதே என்று கேட்கலாம். அப்படி ஆகாது. கற்றல் என்பது ஏற்பிகளால் நடக்கும் உடல்வேலை. டி1 ஏற்பி இல்லாத சுண்டெலிகள் கோக்கெய்னைத் தாமாக நாடுவதில்லை என்று 2007இல் காட்டப்பட்டது. அந்த ஏற்பி எழுப்பும் சைக்ளிக் ஏஎம்பி அலைதான் நரம்பிணைப்புகளை வலுப்படுத்தி, ‘இது முக்கியம், நினைவில் வை’ என்று எழுதுகிறது. தாய்மொழியைக் கற்றதும் நாம் முடிவுசெய்து கற்றதில்லை, ஆயினும் அது கற்றதுதான். ஏற்பியை எண்ணுவதிலிருந்து ஏற்பி எழுதுவதைப் படிப்பதற்கு நகரச் சொல்வதுதான் என் கோரிக்கை, உயிரியலிலிருந்து ஒழுக்கப் பாடத்துக்கு நகரச் சொல்வது என் நோக்கம் அல்ல.

இந்த வாதத்துக்குச் சிகிச்சைக் கூடத்திலும் ஒரு சோதனை உண்டு. ஏற்பிதான் எல்லாம் என்றால், டி2ஐ மிதமாகத் தூண்டும் ஒரு மருந்து பலனளிக்க வேண்டும். அரிப்பிபிரசோல் அப்படிப்பட்டது. பின்லாந்தில் ஆம்ஃபெட்டமின் பழக்கம் உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அரிப்பிபிரசோல் பெற்றவர்களின் சிறுநீரில்தான் ஆம்ஃபெட்டமின் அதிகம் தென்பட்டது, ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். மெத்தம்ஃபெட்டமின் பழக்கத்துக்கென்று எந்த மருந்தையும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதுவரை ஏற்கவில்லை. ஊக்கிகளைப் பொறுத்தவரை இன்று வலுவான சான்று உள்ள சிகிச்சை, மருந்தே இல்லாத ஒன்று: சிறுநீர் சுத்தமாக இருந்தால் அங்கேயே, அப்போதே, ஒரு சிறு பற்றுச்சீட்டு, தொடர்ந்து சுத்தமாக இருந்தால் அதன் மதிப்பு படிப்படியாகக் கூடும், ஒருமுறை தவறினால் தொடக்க மதிப்புக்கு இறங்கும். மேற்பார்வையில் இருப்பவர் கொடுக்கும் அதே சிறுநீர்க் குப்பிதான் இங்கேயும். குப்பியை நீட்டிய சில நிமிடங்களுக்குள் நல்லது ஒன்று கைக்கு வருகிறது. டி1 ஏற்பிகளுக்கு எழுத ஒரு புதுப் பாடம் அது.